இனிப்பை மறுத்தவை

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவர் சொன்னது முழுக்கச் சரியாக இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது. அடிக்கடி சரியாக இருந்து பழகியவனுக்கு அது தலைக்கு ஏறாது. அடிக்கடி தப்பாகப் போகிறவனுக்குத் தன்மேல் ஒரு சந்தேகம் எப்போதும் இருக்கும். ஒரே ஒரு தடவை சரியாக இருந்தவன் பாடுதான் திண்டாட்டம். அந்த ஒன்றையே ஆயுள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைவான்.

தெருவில் அவருக்குக் கரப்பான்காரர் என்று பேர். பூச்சி ஒழிக்கும் நிறுவனம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். முதுகில் தெளிப்பான், முழங்காலில் ரப்பர் உறை, இடுப்புப் பையில் ஜெல் குழாய்கள், கழுத்தில் இறக்கிவிட்ட முகமூடி. இதுதான் அவர் கோலம். மற்றவர்கள் ஒரு புதுக் கட்டடத்துக்குள் நுழைந்தால் மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் குனிவார். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், குளிர்பெட்டியின் மோட்டாருக்குப் பின்னால், கதவுக் கீலின் இடுக்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். உறவினர் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூடக் கண் தரையில்தான் ஓடும். பக்கத்தில் மனைவி முழங்கையால் இடிப்பாள்.

"நிமிர்ந்து உக்காருங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் எதிர்லதான் நிக்கிறாங்க, மேசைக்கு அடியில இல்லை."

மனைவி வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுத் துணி திருத்திக் கொடுத்தாள். கால்சட்டைக்கு இடுப்பு பிடிப்பது, பாவாடைக்கு ஓரம் மடிப்பது, கோட்டுக்குக் கை குறைப்பது. புதிதாக எதையும் தைக்க மாட்டாள். ஊரில் இருக்கிற உடம்பெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்போது புதுத் துணி எதற்கு என்பாள். வேலை நேரத்தில் அவள் உதட்டுக்கு நடுவே நாலைந்து குண்டூசி எப்போதும் இருக்கும். அப்போது யார் என்ன கேட்டாலும் "ம்" என்ற ஒரே பதில்தான் வரும். வாடிக்கைக்காரர்களுக்கு இது பிடித்திருந்தது. கணவருக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அவர் சரியாக இருந்த அந்த ஒரு தடவை ஒரு பெரிய பேக்கரியில் நடந்தது.

நாலு வருடமாக அங்கே ஜெல்லை வைத்துக் கரப்பானை அடக்கி வைத்திருந்தார்கள். இனிப்புப் பசை, அதற்குள் விஷம். துவரம்பருப்பு அளவு ஒரு பொட்டு வைத்தால் போதும். தின்றுவிட்டுப் பொந்துக்குள் போய்ச் சாகும். ஐந்தாம் வருடம் பொட்டெல்லாம் வைத்தது வைத்தபடி காய்ந்து கிடந்தது. கரப்பான்களோ அடுப்புச் சுவரில் பகலிலேயே ஊர்வலம் போயின. பூச்சி நிறுவனத்து மேலாளர் வந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

"ஒரு பொட்டு வைக்கிற இடத்துல மூணு பொட்டு வை. எல்லா அறையிலயும் வை. மாசாமாசம் வை."

"சார், அதுங்க தொடவே மாட்டேங்குது. மூணு என்ன, முப்பது வச்சாலும் தொடாது."

"கரப்பானைக் கேட்டுட்டு வந்தியா?"

மேலாளர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் இவர் அதையே செய்தார். பேக்கரிக்கு விடுமுறை நாள் வந்தபோது மதியம் முழுக்க மாவு மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்று வரும். மீசையை நீட்டும். ஜெல்லைத் தொட்டதும் சூடு பட்டதுபோலப் பின்னால் துள்ளும். விஷத்துக்குத்தான் பயப்படுகிறதோ என்று பார்க்க, விஷமில்லாத வெறும் ஜாமைத் தடவி வைத்தார். அதற்கும் துள்ளியது. வெறும் மாவைத் தூவினார். உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. இவற்றுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. இனிப்பைக் கசப்பாக உணரும் நாக்கோடு பிறந்தது எங்கோ ஒன்றிரண்டு முன்பே இருந்திருக்கும். இனிப்பில்லாமல் வளர்வதால் அது மெலிந்து, மற்றவற்றிடம் இடம் பிடிக்க முடியாமல் மூலையில் கிடந்திருக்கும். நாலு வருடம் ஜெல் வைத்து, இனிப்பை விரும்பியதையெல்லாம் வம்சத்தோடு கொன்று, அந்த மூலைக்காரனுக்கு மொத்தப் பேக்கரியையும் எழுதிக் கொடுத்தது நாம்தான்.

அவர் பேக்கரி முதலாளியம்மாவிடம் போய், ஒரு வருடத்துக்கு ஜெல்லே வேண்டாம் என்றார். உறிஞ்சும் இயந்திரத்தாலும் பசை அட்டையாலும் மட்டும் சமாளிக்கலாம். பின்பக்கச் சாமான் அறையைத் தொடவே வேண்டாம். வெளிச் சாக்கடையிலிருந்து இனிப்புத் தின்கிற பழைய சாதி உள்ளே வரட்டும், இவற்றோடு கலக்கட்டும்.

முதலாளியம்மா மாவுக் கையோடு நின்றபடி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க, கரப்பானுக்கு என் கடையில கல்யாணம் பண்ணி வைக்கச் சொல்றீங்களா?"

"ஆமாம்மா. சம்பந்தம் கலந்தாத்தான் பிள்ளைங்க நாக்கு மாறும்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஒரு வருடம் கழித்து ஜெல் வைத்தபோது, மறுநாள் காலையில் இரண்டு வாளி அள்ளினார்கள். தலைமை அலுவலகத்தில் மேலாளர் இதைத் தன் யோசனை என்று சொல்லிப் பாராட்டுப் பத்திரம் வாங்கினார். கரப்பான்காரர் அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். அவள் வாயில் குண்டூசி இருந்தது. "ம்" என்றாள். அதற்குப் பிறகு தான் நினைப்பது எதையும் அவர் அவளிடம் சொன்னதில்லை.

ஐம்பத்தெட்டாவது வயதில் உடம்பு காட்டிக் கொடுத்தது. முதலில் கண்டுபிடித்தது அவளுடைய அளவு நாடா. அவருடைய கால்சட்டைக்கு நாலு மாதத்தில் இரண்டு தடவை இடுப்பை இரண்டு விரல் தளர்த்த வேண்டி வந்தது. அதே சமயம் சட்டை தோளில் தொங்கியது.

"இடுப்பு பெருக்குது, தோள் சுருங்குது. இது சாப்பாட்டுச் சதை இல்லைங்க," என்றாள்.

"வயசானா எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும் என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஊர் இடுப்பையே நான்தான் பிடிக்கிறேன். கிளம்புங்க."

அவள் சொன்னது சரி. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் ஒரு செங்கல்போல வீங்கியிருந்தது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் இருக்க வேண்டியதைவிட முப்பது மடங்கு. இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தப் புற்றுநோய், மெதுவாக வளர்கிற வகை என்றார் ரத்த மருத்துவர். அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். ஒரு படிவத்தைப் புரட்டி, பின்பக்கத்தில் படம் போட்டுச் சொன்னார்.

"மஜ்ஜைங்கறது ஒரு அச்சகம் மாதிரின்னு வச்சுக்குங்க ஐயா. தினம் இருபதாயிரம் கோடி ரத்த அணுவுக்கு மேல அங்க பிரதி எடுத்தாகணும். அத்தனை பிரதி எடுத்தா அங்கங்க எழுத்துப் பிழை விழும். விழுந்துதான் ஆகும். உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். தோல், குடல், எல்லா இடத்துலயும். நடு வயசைத் தாண்டினவங்க உணவுக்குழாயோட உள்தோலைப் பார்த்தா, பாதி இடத்தை மாறிப்போன செல்லுங்கதான் பிடிச்சு வச்சிருக்கும். ஒரு கேடும் இருக்காது. அது பாட்டுக்கு இருக்கும்."

"அப்புறம் எனக்கு ஏன் கேடு வந்துச்சு?"

"பெரும்பாலான பிழை ஒண்ணும் செய்யாது. சிலது அந்த செல்லையே கொன்னுடும். எப்பவாவது ஒரு பிழை, அது விழுந்த செல்லைப் பக்கத்துல இருக்கறதைவிடக் கொஞ்சம் வேகமா வளர வைக்கும். அது ரெண்டாகும், நாலாகும். பக்கத்துல இருக்கறதை நெட்டித் தள்ளும். உங்களுக்கு அப்படி ஒண்ணு."

அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். முப்பத்தோரு வருடத்தில் படித்தவர் ஒருவர் தன் தொழிலைப் பற்றித் தன்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை என்று அவருக்குப் பட்டது.

மாத்திரை ஒன்று இருந்தது. தினம் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பெரிய தம்ளர் தண்ணீரோடு, ஆயுள் முழுக்க. அது கெட்ட செல்களை மட்டும் பிடிக்கும்.

"டாக்டரம்மா, அந்தக் கூட்டத்துல இந்த மாத்திரைக்கு மசியாதது ஒண்ணு ரெண்டு இருந்தா?"

மருத்துவர் பேனாவை மூடினார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இனிமே பிறக்கவும் பிறக்கலாம். அதனாலதான் ஒரு நாள்கூட விடக் கூடாதுங்கறேன். கூட்டம் குறைஞ்சாப் பிரதி குறையும். பிரதி குறைஞ்சாப் பிழை குறையும்."

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. ஆனால் அவர் காதில் விழுந்தது மேலாளரின் குரல். எல்லா இடத்திலும் வை. மாசாமாசம் வை. ஒரே மருந்தை விடாமல் வை.

மாத்திரைப் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். நூல் கண்டுகள் வைக்கும் டப்பாவில் ஏழு கட்டம் இருந்தது. அதைக் காலி செய்து வாரத்துக்கு ஏழு மாத்திரை போட்டு வைத்தாள். காலையில் அவர் தட்டை நகர்த்தியதும் உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். குண்டூசிகள் அந்த வேளைக்கு மட்டும் ஊசிமெத்தைக்குப் போகும். முதல் இரண்டு வருடம் எல்லாம் நன்றாகப் போனது. மண்ணீரல் சுருங்கியது. ரத்தத்தில் கெட்ட செல்லின் அடையாளம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. மருத்துவர் சிரித்தார். மனைவி கால்சட்டைக்கு மறுபடி இடுப்பைப் பிடித்தாள்.

நன்றாகப் போனதுதான் அவரை அரித்தது. பேக்கரியிலும் நாலு வருடம் நன்றாகத்தான் போயிற்று.

ஓய்வு பெற்ற மனிதருக்கு யோசிக்க நேரம் நிறைய. நூறு கோடி செத்தால், சாகாத பத்து எங்கோ ஓர் எலும்பு இடுக்கில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லாத வெற்றிடம். நான் தினமும் அதற்கு இடம் பெருக்கிக் கொடுக்கிறேன். நடுநடுவே நிறுத்தினால்? மாத்திரைக்கு மசிகிற பழைய சாதி கொஞ்சம் தழைக்கும். மசியாததை நெருக்கும். அதோடு கலக்கும். வம்சம் இளகும். பிறகு மாத்திரை மறுபடி கேட்கும்.

இயற்கை தேர்ந்தெடுக்கிறது என்று நாம் சொல்கிறோம். யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. சாவது சாகிறது, மிச்சம் நிற்கிறது. நின்றதைப் பார்த்து, அதற்கு ஏதோ ஒரு தகுதி இருந்தது என்று பின்னால் நாம் சொல்லிக்கொள்கிறோம். கருத்துகளுக்கும் இதே கதிதான். ஒரு மனிதனின் தலையில் ஓடிய ஆயிரம் நினைப்புகளில் ஒன்று தற்செயலாக ஒரு பேக்கரியில் பலித்துவிட்டால், அது மற்றதையெல்லாம் நெட்டித் தள்ளிவிட்டு முழு இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. பரிசோதனை முடிந்ததும் வருகிற மாதம் மாத்திரைக்கு விடுமுறை என்று அவர் வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டு மாதம் ஒழுங்காக விழுங்குவார். விடுமுறை மாதத்தில் மனைவி கொடுத்த மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை முழுக்கக் குடிப்பார். தம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவார். பிறகு கழிவறைக்குப் போய்த் துப்பித் தண்ணீரை ஊற்றிவிடுவார். மாத்திரையால் கண்ணைச் சுற்றி வருகிற வீக்கம் அந்த மாதங்களில் வடிந்துவிடும்.

"முகம் தெளிஞ்சிருக்கே இப்போ," என்பாள் மனைவி. "மாத்திரை உடம்புக்குப் பழகிடுச்சு போல."

"இருக்கும்."

ஒன்றரை வருடத்தில் ஆறு விடுமுறை. பரிசோதனையில் அடையாளம் லேசாக ஏறும், இறங்கும். மருத்துவர் புருவத்தை நெரிப்பார். அடுத்த தடவை பார்ப்போம் என்பார். ஏழாவது பரிசோதனையில் அது இறங்கவில்லை. ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது பத்தில் ஒன்றாகியிருந்தது.

"மாத்திரையை எப்பவாவது விட்டீங்களா ஐயா? உண்மையைச் சொல்லுங்க. திட்ட மாட்டேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி குறுக்கே வந்தாள். "என் கையாலதான் டாக்டர் குடுக்கறேன். தினம். என் கண் முன்னாடிதான் முழுங்கறார்." பிறகு குரல் இறங்கியது. "பொண்ணு பிரசவத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போயிருந்தேன். டப்பாவுல போட்டு வச்சுட்டுத்தான் போனேன். அந்த நாலு நாள்தான் நான் பார்க்கலை."

"நாலு நாள்ல இவ்வளவு ஆகாதும்மா," என்றார் மருத்துவர். செல்லில் புது மாற்றம் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க ரத்தத்தை வேறொரு சோதனைக்கு அனுப்பினார். மூன்று வாரம் ஆகும்.

அந்த மூன்று வாரத்தைப் பற்றி அவருக்குச் சாதகமாகச் சொல்ல எதுவுமில்லை. அவள் ஒரு கோட்டின் கையைப் புறம் மாற்றித் தைத்தாள். இருபத்தைந்து வருடத்தில் அப்படி ஆனதில்லை. மருந்துக்கடைக்காரரிடம் போய், நாலு நாள் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். மகள் தொலைபேசியில் கூப்பிட்டுக் குழந்தை குப்புற விழுந்ததைச் சொன்னபோது, "சரி, சரி" என்று பாதியில் வைத்தாள். குழந்தையின் பேரிலேயே அவளுக்கு ஒரு வெறுப்பு வந்துவிட்டது போலிருந்தது.

"நான் போயிருக்கவே கூடாது," என்றாள் ஒரு காலை, மாத்திரையை நீட்டியபடி.

"நாலு நாள்ல ஒண்ணும் ஆகாதுன்னு அவங்களே சொன்னாங்கல்ல."

அது உண்மைதான். அவர் வாயில் அன்று இருந்த ஒரே உண்மை அது. மற்றதை அவர் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பயம் என்று நினைத்தால் அது அவருக்குச் செய்கிற மரியாதை. அவர் முடிவுக்காகக் காத்திருந்தார். தன் கணக்கு சரி என்று அந்தச் சோதனை சொல்லும் என்று உண்மையாகவே நம்பினார். முழுப் பதிலோடு போய்ச் சொல்வோம் என்று நினைத்தார்.

முடிவு வந்தது. மருத்துவர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"மாத்திரை போய் உட்கார்றதுக்கு அந்த செல்லுக்குள்ள ஒரு குழி இருக்கு ஐயா. அந்தக் குழியோட வடிவத்தையே மாத்தற மாதிரி ஒரு பிழை விழுந்திருக்கு. இந்த மாத்திரை இனிமே அதுல உட்காராது."

அவர் தலையாட்டினார். முகத்தில் ஒரு நிறைவுகூட இருந்தது. "நான் எதிர்பார்த்ததுதான் டாக்டரம்மா. ஒரே மருந்தை விடாம வச்சா இப்படித்தான் வரும். இன்னும் சீக்கிரமே வந்திருக்கும். நான் இடைவெளி விட்டதாலதான் இவ்வளவு நாள் தள்ளிப் போச்சு."

"என்ன இடைவெளி?"

அவர் சொன்னார். பேக்கரியில் தொடங்கி, மூன்றில் ஒரு மாதம் என்ற கணக்கு வரை, விளக்கமாக. கெட்டதை நல்லதோடு கலக்கவிட்டு இளக்குவது எப்படி என்று கையால் காட்டியும் சொன்னார். மருத்துவர் நடுவில் ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் மனைவி அசையவில்லை.

சொல்லி முடித்தபிறகு மருத்துவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க ஐயா. கரப்பானுக்கு அது சரி. கரப்பானுக்கு அப்பா அம்மா உண்டு. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் பிள்ளை. அதனால கலக்கும், இளகும். மஜ்ஜையில இருக்கறதுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஒண்ணு ரெண்டாப் பிளக்கும், அவ்வளவுதான். எது எதோடயும் சேராது. மசியாதது ஒண்ணு வந்துட்டா அதோட வம்சம் முழுக்க மசியாதது. பக்கத்துல எத்தனை மசியறது இருந்தாலும் ஒரு எழுத்துகூட மாறாது."

அவர் கைகளை மடியில் இறக்கினார்.

"நீங்க நிறுத்தின ஒவ்வொரு மாசமும் அது கோடிக்கணக்கா பிரதி எடுத்திருக்கும். ஒவ்வொரு பிரதியும் ஒரு புதுப் பிழைக்கு வாய்ப்பு."

"அப்போ... இது நான் நிறுத்தினதால பிறந்ததா?"

"இருக்கலாம். முதல் நாளே எங்கயோ ஒண்ணு இருந்திருந்தா, விடாம போட்டிருந்தாலும் வந்திருக்கும். எதுன்னு இந்த முடிவை வச்சுச் சொல்ல முடியாது."

பேருந்தில் ஜன்னல் பக்கம் மனைவி உட்கார்ந்தாள். நாலு நிறுத்தம் போயிற்று. பிறகு வெளியே பார்த்தபடியே பேசினாள்.

"பேக்கரிக்காரம்மாகிட்ட உக்காந்து ஒரு மணி நேரம் விளக்கினீங்க. இன்னிக்கு டாக்டர்கிட்ட அரை மணி நேரம். என்கிட்ட ஒரு வார்த்தை?"

"பேக்கரி விஷயத்தைச் சொன்னேனே. 'ம்'னு சொன்ன."

"வாயில ஊசி இருந்தா 'ம்'னுதான் வரும். எடுத்துட்டுக் கேளுன்னு சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?" பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "தம்ளரைக் கவுத்துக் கவுத்துக் காட்டினீங்களே, சின்னப் பிள்ளை மாதிரி. நான் அதைப் பார்த்துச் சிரிச்சேன். மூணு வாரமா என் பேத்தி முகத்தைப் பார்க்கப் பிடிக்காம இருந்தேன். அதையும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"சொல்லணும்னுதான்..."

"சொல்லாதீங்க. இனிமே எதையும் சொல்லாதீங்க."

இரண்டாவது மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். உருமாறிய குழியிலும் உட்காரக் கூடியது; ஆனால் ரத்தக் குழாய்க்கும் இதயத்துக்கும் ஆபத்து உண்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அவர் படித்துப் பார்க்காமல் போட்டார். போட்டுவிட்டு ஒன்று கேட்டார். முதல் நாள் எடுத்த மஜ்ஜை எங்கே?

"உறைய வச்சுப் பத்திரமா இருக்கு."

"அதுல இந்தப் பிழை இருந்துச்சான்னு தேட முடியுமா?"

"முடியும். வெளியில அனுப்பணும், நாளாகும். எந்தப் பதில் வந்தாலும் உங்க வைத்தியம் மாறாது ஐயா. எதுக்கு?"

"தெரியணும்."

மருத்துவர் மனைவியைப் பார்த்தார். அவளும் தலையாட்டினாள். இருவருக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது. ஆனால் ஒரே பதில் அல்ல. முதல் நாளே இருந்தது என்று வந்துவிட வேண்டும் என்று அவள் விரும்பினாள். அப்படி வந்தால் இந்த மனிதரை மன்னிக்க ஒரு வழி கிடைக்கும், பழையபடி அவருக்குச் சட்டைப் பித்தான் தைத்துக் கொடுக்கலாம். அவர் விரும்பியது எதிர்ப்பக்கம். தன் தப்பால் வந்தது என்று சொன்னால்கூட அதைத் தாங்கிக்கொள்வார். ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் தானாக இருக்கும். எதுவும் செய்யாமலே, எந்த யோசனைக்கும் முன்னால், ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு பிரதியில் விழுந்த எழுத்துப் பிழை தன்னைத் தீர்த்துவிட்டது என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. குற்றவாளியாக இருப்பதில்கூட ஒரு பதவி இருக்கிறது.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மருத்துவர் தாளைப் பார்த்துப் படித்தார்.

"பத்தாயிரத்துல ஒண்ணு வரைக்கும் தேடியிருக்காங்க. இல்லை."

"அப்போ இவர் செஞ்சதுதானா?" என்றாள் மனைவி.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. லட்சத்துல ஒண்ணா, கோடியில ஒண்ணா இருந்திருந்தா இந்தச் சோதனைக்குத் தெரியாது. தேடின அளவுக்கு இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவர் சிரித்தார். அந்த அறையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "வேலை முடிஞ்சு கிளம்பறப்போ வாடிக்கைக்காரங்க கேப்பாங்க டாக்டரம்மா, ஒண்ணுகூட இல்லையேன்னு. கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வருவோம். அதுக்கு மேல ஒருத்தரும் கேட்டதில்லை."

மருத்துவர் சிரிக்கவில்லை. மனைவி எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

புது மாத்திரையில் அடையாளம் மெதுவாக இறங்குகிறது. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. இதையும் மறுக்கிற ஒன்று எங்காவது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படியேறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பகல் முழுக்க முன்னறையில், இயந்திரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். தைக்க வருகிறவர்கள் நலம் விசாரித்தால் "இருக்கேன்" என்கிறார்.

காலையில் மாத்திரை கொடுக்கும் முறை மாறிவிட்டது. அவள் உள்ளங்கையில் வைத்து நீட்டுவதில்லை. தட்டின் ஓரத்தில் வைக்கிறாள். அவர் விழுங்கியதும் முன்னால் வந்து நிற்பாள்.

"ஆ காட்டுங்க."

காட்டுவார்.

"நாக்கைத் தூக்குங்க. இந்தப் பக்கக் கன்னம். அந்தப் பக்கம்."

விரலால் கன்னத்தை இழுத்து, காலர் மடிப்பைச் சோதிப்பதுபோல உள்ளே பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வேலைக்கு உட்காருவாள். இருவருக்கும் நடுவே நாள் முழுவதற்கும் அநேகமாக அதுதான் பேச்சு. அவர் ஒரு தடவையும் முகம் சுளித்ததில்லை. நாளாக ஆக, அவள் சொல்வதற்கு முன்பே வாயைத் திறக்கத் தொடங்கினார்.

சென்ற வாரம் ஒரு காலை அவர் மாத்திரையை விழுங்கித் தண்ணீரைக் குடித்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வரவில்லை. இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நாக்கைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து முன்னறைக் கதவுவரை போனார்.

"இன்னிக்குப் பார்க்கலையா?"

அவள் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். நாலு ஊசி. பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நம்பிட்டேன்னு நினைச்சுக்காதீங்க," என்றாள். "அலுத்துப் போச்சு."